படலையடியில் சொன்ன சொல்

வாசிகசாலையில் நினைவுக் கூட்டம் முடிந்து, அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி சுதர்சினி வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உடையார்கட்டு ஊரில் வைக்கோல் எரிந்த மணம்தான் முதலில் வரும். இருட்டு அதன் பின்னால் வரும்.

கூட்டத்தில் அப்பாவைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கதைதான். யோகலிங்கத்தாரைப் போல ஒரு குடும்பத்துக்காரன் உண்டா? எந்த வீட்டில் செத்தவீடு என்றாலும் பந்தல் போட முதல் ஆளாகச் சைக்கிளில் போய் இறங்குகிறவர். செத்தவீட்டில் 'வாறன்' எண்டால் செத்தவரும் கூட வருவார் என்பது ஊர் நம்பிக்கை. வேலி வாசலான படலையடியில் நின்று, போகிற சனத்திடம் "வாறன் எண்டு சொல்லாதேங்கோ, பேசாமப் போங்கோ" என்று காதோடு சொல்லி அனுப்புவதும் அவர்தான். பார்த்தீர்களா பிள்ளைகளே, அவருடைய செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

பாடை படலையைத் தாண்டியபோது பெண்களுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"போட்டு வாங்கோ."

ஊர் திரும்பிப் பார்த்தது அவர் மனைவி நாகேஸ்வரியைத்தான். காலமெல்லாம் புருசனை அப்படிப் போய்வரச் சொல்லி வழியனுப்பிய வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது என்றார்கள். இன்றைக்கும் ஒருத்தி, "அந்த மனுசனை நிம்மதியாப் போகவிடேல்லையே, நாகேசு" என்று குத்திவிட்டுத்தான் போனாள்.

அன்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சுதர்சினி. அம்மா வாயே திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிறகு யார்? அந்த அழுகைக்குள் அவள் அதை யோசிக்கவேயில்லை.

அம்மா குசினியிலிருந்து தேநீர் கொண்டுவந்து அப்பா உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"ஆருக்கம்மா?"

"கொப்பாக்கு. அவர் வாற நேரம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"சத்தம் போடாத. கேள்."

அப்பாவின் சைக்கிள் காற்றுப் போய்க் கொட்டிலில் சாய்ந்து கிடந்தது. சுதர்சினி அதைப் பார்த்தபடிதான் இருந்தாள். ஆனாலும் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் அதன் செயின் கவர் உரசும் சத்தம் கேட்டது.

டக்... கிறீச். டக்... கிறீச்.

நாய் குரைக்கவில்லை. வாலைச் செருகிக்கொண்டு கதிரைக்கு அடியில் ஒடுங்கியது.

வியர்வையும் பந்தல் வேயும் தென்னங்கிடுகும் கலந்த அப்பாவின் மணம் வேலிக்கு மேலால் வந்தது. சத்தம் படலையை நெருங்கியது. பயத்தையும் மீறி, "அப்பா" என்று கூப்பிட அவள் வாய் உன்னியது.

சத்தம் நிற்கவில்லை.

படலையைக் கடந்து, ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போனது. அங்கே சைக்கிள் மணி ஒருதரம் அடித்தது. அந்த வீட்டு விளக்கு அணைந்தது.

தையல்காரி ராஜினியின் வீடு அது. தனியாள். அவளுக்கு வேலி அடைத்துக் கொடுத்தவரும், மழை ஒழுகினால் கூரை பார்த்துக் கொடுத்தவரும் அப்பாதான். ஊர் அதைத் தொண்டு என்றது. சுதர்சினியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ராஜினி தன் படலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"ராஜினியக்கா, அண்டைக்குச் சொன்னது நீங்களோ?"

"ஓம் பிள்ளை." குரல் காற்றைப் போல வந்தது. "எத்தினை வருசமா இஞ்சையிருந்து வெளிக்கிடேக்க சொல்லிச் சொல்லிப் பழகின சொல்லு... வாயில வந்திட்டுது."

எத்தனை வருசமா!

"உள்ளுக்கு இருக்கிறார். ஒண்டும் பேசிறாரில்லை. ஈரமண் மாதிரிக் குளிருது. கொம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. என்னால ஏலாது."

இருட்டுக்குள் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

திரும்பி வந்தபோது அம்மா படலையடியில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமோ, அம்மா?"

"நான் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? ஆற்ற குரல் எண்டும் தெரியும்."

"பிறகேன் பழியை ஏற்றனீங்கள்? ஏன் இந்தத் தேத்தண்ணி?"

"ஒருநாளெண்டாலும் இஞ்சால திரும்புவார் எண்டு பாத்தன், பிள்ளை."

அம்மா தேநீரை வேலியோரம் கவிழ்த்தாள். ஒழுங்கையின் கோடியைப் பார்த்து, அந்த ஊரில் எந்தப் பெண்ணும் புருசனுக்குச் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"போங்கோ."

'வாங்கோ' என்ற மிச்சம் அவள் வாயில் வரவில்லை. கோடி வீட்டு விளக்கு பற்றியது. அந்த வீட்டிலிருந்து ராஜினியின் அழுகை கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

விடிந்ததும் சுதர்சினி தான் வேலை செய்யும் வவுனியாவுக்குத் திரும்பப் பேருந்துக்குப் புறப்பட்டாள். நல்ல வெயில். கிணற்றடியில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அப்பாவின் படத்தைக் கொண்டுபோகச் சொல்லி அம்மா நீட்டினாள், அவள் வாங்கவில்லை. மனம் கொஞ்சம் இலேசாகியிருந்தது. பையைத் தோளில் போட்டுப் படலையைத் திறந்தாள். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த சொல், நினைக்கும் முன்பே வந்துவிட்டது.

"அம்மா, போட்டு வாறன்."

அம்மா கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொட்டிலில் சைக்கிள் இல்லை.

சுதர்சினியின் பின்கழுத்தில் அப்பாவின் கிடுகு மணம் பட்டது.

"நானும் வாறன், பிள்ளை."