அலர்ஜி: இல்லை

செத்துப்போனவள் தன் மருத்துவக் குறிப்பைத் திறந்து பார்த்திருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. இன்றைக்குத்தான். மதியம் இரண்டு பத்துக்கு.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவளேதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், "இந்த ஊசி எனக்கு ஒத்துக்காது சார், ஃபைல்ல எழுதியிருக்கு, பாருங்க" என்று கையை இழுத்துக்கொண்டவள். அவர் பார்க்கவில்லை. வெளியே கூட்டம் நெரிந்தது. ஊசியைப் போட்டார். கால் மணி நேரத்தில் அவள் கதை முடிந்தது. பிறகு காகித ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, 'அலர்ஜி: இல்லை' என்று தன் கையாலேயே தட்டினார். நோயாளிகள் வீட்டிலிருந்தே தங்கள் குறிப்புகளைப் படிக்கலாம் என்ற ஏற்பாடு போன வாரம்தான் வந்தது.

ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் போட்டு, அவள் குறிப்பின் எண்ணைச் சொன்னார்.

"அவ வீட்டுக்காரருக்கு பாஸ்வேர்டு குடுத்தீங்களாம்மா?"

"அவரும் போய்ச் சேர்ந்துட்டாரே சார். இறந்தவங்க கணக்கை நாங்க திறக்கறதே இல்ல. இதுல நீங்க அனுமதி குடுத்ததாத்தான் காட்டுது."

போனை வைத்தார். வெளிநோயாளிகள் போய்விட்ட வராந்தாவில் மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தினூடே, மருந்துத் தட்டை வைத்த தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கீச்சிட அவர் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது. கதவருகே வந்து நின்றது. யாரும் தட்டவில்லை. ஸ்பிரிட் வாடை மட்டும் உள்ளே வந்தது.

திரையில் 'இல்லை' எழுத்தெழுத்தாக அழிந்தது.

'இருக்கு. சொன்னேன்.'

குறிப்பு மூடிக்கொண்டது. வேறொன்று திறந்தது. அவருடையது. வயது சரி. ரத்த வகை சரி. அதற்குக் கீழே, அதே மருந்து. ஊசி போட்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். நேரம் இரண்டு நாற்பது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தொன்பது.

"எனக்கு எந்த அலர்ஜியும் கிடையாது," என்றார் வாய்விட்டு.

இடது முழங்கைக்கு மேலே சில்லென்றது. ஈரம். யாரோ துடைக்கிறார்கள். எழ முடியவில்லை. சுருக்கென்று குத்தியது.

உதடு தடித்தது. தொண்டை அடைத்தது. மணியை அழுத்தினார். அது ஒலிக்கவில்லை.

திரையில் ஒரு வரி ஏறிக்கொண்டிருந்தது: 'நோயாளி ஏதோ சொல்கிறார். கூட்டம் அதிகம்.'

அவர் கையில், ஊசி குத்திய இடத்தில், ஒரு பஞ்சு. அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டைவிரல், அவசரமே இல்லாமல், அழுத்திப் பிடித்திருந்தது.