மாடியில் எடுத்த போன்

பழைய லைனுக்கு வந்த அழைப்பு அன்று மாடியில் அடித்தது.

வண்ணார்பேட்டையில் இருந்த அந்த பார்சல் ஆபீஸுக்கு இன்டர்நெட் போன் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பழகிப்போன லேண்ட்லைன் நம்பரை விட மனமில்லாததால், அந்த வயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, அதில் வரும் அழைப்பெல்லாம் ஆபீஸ் கிளார்க் ஸ்வீட்லினின் மேசைக்கே வரும்படி செய்து கொடுத்திருந்தார் மெக்கானிக் காசிலிங்கம். மாடியில் இருந்தது முதலாளி மகேஸ்வரனின் அறை. போன வெள்ளத்தில் ஆற்றோடு போனவர் அவர். அன்றைக்குப் பூட்டிய அறை.

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஐப்பசி மழை தகரக் கூரையில் இரைந்து கொட்ட, நனைந்த சாக்கு வாடையும் டீசல் வாடையும் கலந்து கிடந்த அந்த மங்கிய அந்தியில், தலைக்கு மேலே, பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து, எடுக்கிறவர் பைய வரட்டும் என்று காத்திருப்பதுபோல் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மேசை போன் சும்மா கிடந்தது.

செல்லில் காசிலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பழைய லைன் மாடிக்குப் போவுது. எங்கிட்ட வரவே மாட்டேங்கு."

"அப்படிப் போவாதேம்மா. அந்தச் சவத்து வயரைப் பெட்டிலருந்து புடுங்கிப் போடு. காலைல வந்து பாக்கேன்."

லேண்ட்லைன் வயரை இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

மணி நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு பாதியில் அறுந்தது.

மாடி, படி, குடோன் என்று எந்த இடத்துப் போனை எடுத்தாலும் அவள் மேசை போனில் அந்தப் பெயருக்கு நேரே விளக்கு எரியும். இப்போது 'மாடி' சிவந்தது.

"அண்ணே... மாடில யாரோ எடுத்துட்டாவ."

காசிலிங்கத்தின் குரல் தணிந்து வந்தது.

"மாடிக்கு நான் இன்னும் போனே மாட்டலம்மா. பூட்டிக் கிடக்குல்லா? அது அட்டைப்பெட்டியோட எங்க வீட்ல இருக்கு. நீ எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வந்துரு."

வாசலுக்குப் போக மாடிப்படியையும் குடோனையும் தாண்ட வேண்டும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

'மாடி' அணைந்தது.

படியடியில் இருந்த போன் ஒருமுறை அடித்தது. நின்றது. 'படி' சிவந்தது.

காலடிச் சத்தம் இல்லை. ஆற்று வண்டலின் வாடை மட்டும் வந்தது. குளிர்ந்து, கனத்து.

"ஸ்வீட்லின்? வெளிய வந்துட்டியாம்மா?" செல்லில் காசிலிங்கம் கேட்டார்.

குடோன் போன் அடித்தது. நின்றது.

வழி அடைபட்டுவிட்டது.

நாற்காலியில் சரிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே. ஆண்டவரே.

அவள் மேசை போன் அடித்தது.

ஒருமுறை.

நின்றது.

அவள் தொடவில்லை.

கன்னத்தில் ஏதோ ஈரமாக உரசியது. கண்ணைத் திறந்தாள். போனில் ரிசீவர் இல்லை. அதன் சுருள் வயர் மட்டும் அவள் கன்னத்தை ஒட்டி, தோளுக்கு மேலாக, பின்னால் விறைப்பாக நீண்டிருந்தது. அதன் வழியே கலங்கிய நீர் சொட்டிக்கொண்டிருந்தது.