ஆறு மேசையும் பதினான்கு ஏலாவும்

ரோகினி எங்கள் பள்ளியில் சேர்ந்தது 1994ஆம் ஆண்டு, ஜூன் விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை. அன்றிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் தொல்லை. ஏதாவது செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மலாக்காவில், ரெம்பியாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டப் பள்ளியில், ஐந்தாம் ஆண்டில் மொத்தம் பதினொரு பேர். கணக்கில் நான்தான் முதல். ஆபீசுக்குப் போய் சாக்பீஸ் எடுத்து வருவதும் நான்தான். ரோகினியின் அப்பா தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெசராக மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் குடும்பம்; அதற்கு முன்பு புக்கிட் பெருவாங்கில் இருந்தார்கள்.

அவள் வந்த இரண்டாவது வாரமே எங்கள் வகுப்பாசிரியர் பரமேஸ்வரன் சார், "ரோகினி, சாக்பீஸ் எடுத்துட்டு வாம்மா" என்றார்.

நான் பாதி எழுந்துவிட்டேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

ஜூலையில் பெற்றோர் தினம் வந்தது. எங்கள் கைவேலைகளைக் காட்சிக்கு வைக்க, மண்டபத்தின் நடுவில் ஆறு மேசைகளை ஒரே வரிசையாக ஒட்டிப் போட்டார்கள். எல்லாம் சதுர மேசைகள். ஒவ்வொரு பக்கமும் சரியாக ஒரு மீட்டர்.

"மேசைய சுத்தி லேஸ் கட்டணும். எத்தனை மீட்டர் வாங்கலாம்?" என்று சார் கேட்டார். அந்த வாரம் சுற்றளவுப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் கையைத் தூக்கக்கூட இல்லை. "இருபத்து நாலு சார்! ஒரு மேசைக்கு நாலு பக்கம், ஆறு மேசைக்கு இருபத்து நாலு!"

சார் புன்னகைத்தார். அது சரியான விடைக்கான புன்னகை இல்லை. "ரோகினி?"

"பதினாலு சார். ஒரு எறும்பு மேசை ஓரத்தாலேயே நடந்து, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், அது நடந்த தூரம்தானே சுற்றளவு? மேசையும் மேசையும் ஒட்டியிருக்கிற பக்கத்தில எறும்பு போகாது. அதைக் கணக்கில சேர்க்கக்கூடாது. நீளம் ஆறு, அகலம் ஒண்டு. திரும்பவும் ஆறு, ஒண்டு."

"சரியா சொன்ன! எல்லாரும் கைதட்டுங்க."

நானும் தட்டினேன். சத்தம் வராதபடி தட்டினேன்.

"பவானி, எறும்பு உன் மேசைக்கு நடுவுல பூந்து போச்சுலா!" என்று பின்னாலிருந்து திவாகர் சிரித்தான்.

"வாய மூடுடா!"

சார் தம்முடைய மஞ்சள் அளவு நாடாவை ரோகினியிடம் கொடுத்தார். அவள் வரிசையைச் சுற்றி அளந்தாள். பதினான்கு மீட்டர்தான். பிறகு ஒரு தாளில் எழுதினாள்: 'வெள்ளை லேஸ், 14 மீட்டர்'. கீழே சின்னதாக ஒரு பூ வரைந்தாள். அவளுடைய கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது.

"பவானேஸ்வரி, சனிக்கிழமை உங்க அம்மா அலோர் காஜா போவாங்கல்ல? கூடப் போய் வாங்கிட்டு வந்துடு. இந்தத் தாள கடையில காட்டு" என்றார் சார்.

சனிக்கிழமை அம்மா மீன் வாங்கப் போனார். நான் துணிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

தாள் என் பாவாடைப் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. அந்தக் கையெழுத்தை நான் ஏன் ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும்? எனக்கு வாய் இல்லையா?

லேஸைக் காட்டி, "எம்பாட் பெலாஸ்" என்றேன். பதினான்கு.

"ஏலா?"

"யா, யா" என்று தலையை ஆட்டினேன். மக்சிக் ஒரு மரக்கோலில் லேஸைப் பிடித்துப் பிடித்துப் பதினான்கு முறை அளந்து, வெட்டி, சுருட்டிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, மேசை ஓரத்தில் லேஸை வைத்துக் குண்டூசி குத்தினோம். ஒரு நீளம் முடிந்தது. அகலம் முடிந்தது. இன்னொரு நீளமும் ஏறக்குறைய முடியும்போது லேஸ் தீர்ந்துவிட்டது. கடைசி மேசையின் ஓரம் மொட்டையாக நின்றது.

"சார், பத்தல!"

"ரோகினி தப்பா அளந்துட்டா!"

"எறும்பு வழி தவறிடுச்சு!" என்றான் திவாகர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு மனத்துக்குள் ஐஸ் கச்சாங் சாப்பிட்டது போல ஜில்லென்று இருந்தது.

ரோகினி நாடாவை எடுத்து மறுபடியும் வரிசையைச் சுற்றி அளந்தாள். பிறகு எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை அளந்தாள்.

"பதினாலுதான் சார். நான் சரியாத்தான் அளந்தனான்." அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சார் லேஸைக் கழற்றி அளந்தார். "பன்னிரண்டு மீட்டர் எண்பது. ஒரு மீட்டருக்கு மேல குறையுதே! கடையில ஏமாத்திட்டாங்களோ?"

அப்போதுதான் என் காதில் மக்சிக்கின் குரல் திரும்பக் கேட்டது. ஏலா?

அம்மா சட்டைத் துணி வாங்குவதும் ஏலாவில்தான். ஒரு ஏலா என்பது ஒரு கெஜம். மீட்டரைவிடக் குட்டை. இது எனக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும்.

ஐஸ் கச்சாங் எல்லாம் கரைந்துபோனது. நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரோகினிதான் தப்பாக அளந்தாள் என்று வகுப்பே நம்பும். அல்லது அந்த மக்சிக் ஏமாற்றினார் என்று சார் நினைத்துக்கொள்வார். ரோகினி இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

"சார்," என்றேன். "கடையில ஏமாத்தல. ரோகினியும் தப்பா அளக்கல. நான்தான் பதினாலு ஏலா வாங்கிட்டேன்."

"தாள காட்டலையா?"

புத்தகப் பையில் போட்டு வைத்திருந்ததை எடுத்தேன். நான்காக மடித்தது மடித்தபடியே இருந்தது.

சார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "சரி. இப்ப அலோர் காஜாவுக்கு பஸ் கிடையாது. காலையில எட்டு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. என்ன செய்யலாம்?"

"பின்பக்கம் கட்டாம விட்டுடலாம் சார். யாரு பாக்கப் போறா?" என்றான் திவாகர்.

"எல்லாரும் சுத்தித்தாண்டா வருவாங்க!" என்றேன்.

நான் மேசை வரிசையைப் பார்த்தேன். ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு லேஸ் வேண்டாம் என்று ரோகினி சொன்னாள் அல்லவா? அப்படியானால் இன்னும் நிறையப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டால்?

"திவாகர், அந்த மேசைய பிடி! ரோகினி, நீ இங்க வா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைசி மூன்று மேசைகளை இழுத்து, முதல் மூன்று மேசைகளுக்குப் பின்னால் ஒட்டிப் போட்டோம். மூன்று நீளம், இரண்டு அகலம்.

ரோகினி என்னைப் பார்த்தாள். "மூண்டு, ரெண்டு, மூண்டு, ரெண்டு. பத்து! லேஸ் மிஞ்சும்!"

திவாகர் மேசைகளை இரண்டு முறை எண்ணினான். "மேசை அதே ஆறுதான். மிச்சம் நாலு மீட்டர் எங்க போச்சு?"

"நடுவுல ஒளிஞ்சிருக்கு. பூந்து தேடு" என்றேன். இந்த முறை அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். ரோகினியும் சிரித்தாள்.

கழற்றியதில் பாதிக் குண்டூசி வளைந்துவிட்டது. ஆபீசிலிருந்து எடுத்து வர, "ரெண்டு பேரும் போங்க" என்றார் சார்.

வழியில் ரோகினி கேட்டாள்: "ஏன் அந்தத் தாளைக் காட்டேல்ல?"

"உன் கையெழுத்து என்னோடத விட அழகா இருந்துச்சு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். சாரி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கும் உன்னில கோபம்தான். மேசையை மாத்திப் போடலாம் எண்டு எனக்குத் தோன்றேல்லயே!"

மறுநாள் மண்டபம் நிறையக் கூட்டம். தலைமையாசிரியர் எங்கள் மேசைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "லேஸ் கட்டினது யாரு? இதோட சுற்றளவு எவ்வளவு?" என்று கேட்டார்.

"பத்து மீட்டர்!" என்று நாங்கள் இருவரும் சொன்னோம்.

ரோகினிதான் முதலில் சொன்னாள் என்று திவாகர் சொல்கிறான். அவனுக்குக் காது சரியில்லை.