படுக்க வைத்து அளந்த கோல்

ஞாயிற்றுக்கிழமை காலை முத்திருளன் பல் துலக்கிவிட்டுக் கூடத்துக்குள் வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த பழைய மர அளவுகோலில் ஏதோ சரியில்லை என்று பட்டது. வெள்ளிக்கிழமை வாங்கி வந்து, அவனே இரண்டு ஆணி அடித்து அதை மாட்டியிருந்தான். அப்போது கோலின் இரு முனைகளிலும் இருந்த பித்தளைப் பூண்கள் ஆணிகளுக்கு வெளியே பக்கத்துக்கு இரண்டங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. இப்போது பூண்கள் ஆணிகளின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

மரம் சுருங்கும்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஊதுமே தவிரச் சுருங்காது. பாசன ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக வாய்க்கால் படம் வரைகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் மற்றவர்கள் சம்பளம் வாங்கினால் காராச்சேவும் மல்லிகைப்பூவும் வாங்கி வருவார்கள். இவன் எவனோ செத்துப்போன எஞ்சினீயரின் யானைத்தந்த அடிக்கோலை வாங்கி வருவான். அலமாரி நிறையக் காம்பஸ்கள், வெள்ளிப் பாகைமானி, சந்தன அடிமட்டம், மை காய்ந்த கோட்டுப் பேனாக்கள். "அம்புட்டுக் கோலு வச்சு அளக்குறதுக்கு நம்மகிட்ட என்ன கெடக்கு?" என்று அவன் பெண்டாட்டி ரெங்கம்மாள் கேட்பாள். அவள் இப்போது வீட்டில் இல்லை. தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மேலூருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. வில்லாபுரத்தில், வயல்களைப் பார்த்த அந்தக் கடைசி வீட்டில், அவனும் ஏழு வயது மகள் சீனியம்மாளும் மட்டும்தான்.

அலமாரியிலிருந்து தந்த அடிக்கோலை எடுத்து வைத்து அளந்தான். ஐம்பது அங்குலம். குறிப்பு நோட்டைப் புரட்டினான். வெள்ளிக்கிழமைக்கு நேராக அவன் கையெழுத்திலேயே இருந்தது: கோல் 54, சீனி 43.

அது அவனுடைய பழக்கம். புதிதாக எந்தக் கோல் வந்தாலும் முதலில் சீனியைத்தான் அளப்பான். வாசல் நிலையில் சாய்ந்து நிற்கச் சொன்னால் அவள் எம்பிக் குதித்து, கழுத்தை நீட்டி, கணக்கைக் கெடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை அவன் ஆபீஸ் விட்டு வந்தபோது பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று, மடக்கியிருந்த கால்களை மெல்ல நீட்டிவிட்டு, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை கோலைப் பக்கத்தில் வைத்து அளந்தான். இவ்வளவு சரியாக அவளை ஒருநாளும் அளந்ததில்லை என்று சந்தோஷப்பட்டதும் நினைவிருந்தது.

"சீனி, எந்திரிம்மா. பொழுது விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு."

"கால் வலிக்குதுப்பா" என்றாள் உள்ளறையிலிருந்து. காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தான், உடம்பு குளிர்ந்துதான் இருந்தது. மல்லாந்து, கைகளை விலாவோடு ஒட்டி, நேராகப் படுத்திருந்தாள். சுருண்டு படுக்கிற பிள்ளை. அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஓட்டில் விழும் மழையையும், முற்றத்தில் வைத்த அண்டா நிரம்பி வழிகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த வாடை தட்டுப்பட்டது. மழை மண்ணின் வாசனை இல்லை, ஆழத்தில் தோண்டி எடுத்த மண்ணின் வாடை. வெளியிலிருந்து வரவில்லை. சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

மத்தியானம் கோல் தானாகக் கீழே விழுந்தது. அவன் எடுத்து அளந்தான். நாற்பத்தேழு. ஆணிக்கு ஆணி எட்டாமல் விழுந்திருக்கிறது.

மூன்று மணிக்கு, தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வெள்ளைத்துரை வந்தான். பழைய சாமான் வியாபாரி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் கோலை விற்றவனும் அவன்தான். ஞாயிறுதோறும் ஏதாவது கொண்டுவந்து காட்டுவான்.

"அண்ணே, ஒரு காம்பஸ் பெட்டி சிக்கியிருக்கு. உள்ளாற வெல்வெட்டு கூட நையல."

"அது கெடக்கட்டும். இந்தக் கோல எங்க புடிச்ச?"

"ஏண்ணே, புடிக்கலையா? எங்க மாமன் வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. அவரு குழி வெட்டுறவரு. உங்களுக்குத் தெரியாததா, செத்த ஆள ஒரு பச்சக் கம்பால அளந்து, அந்த அளவுக்குக் குழி வெட்டி, கம்பையும் குழியிலேயே போட்டுருவாக. காலரா வந்த வருஷம் ஒரு நாளைக்கு இருபது முப்பது. ஆளுக்கொரு கம்பு வெட்ட முடியாம, எல்லாத்துக்கும் சேத்து இந்த ஒரே கோலச் செஞ்சுக்கிட்டாரு. குழிக்குள்ள போகாமலே நின்னுபோன கோலு." வெள்ளைத்துரை சிரித்தான். "படுத்த ஆள மட்டும் அளந்துராதீங்கண்ணே."

முத்திருளன் உள்ளறைப் பக்கம் திரும்பினான். "அளந்தா?"

வெள்ளைத்துரை அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த கோலைப் பார்த்தான். பிறகு உள்ளறைப் பாயை. சிரிப்பு போய்விட்டது.

"அளந்த ஆளு அளவுக்கு அதுவா வந்துரும்ணே. வந்து சேந்துட்டா…" மேலே சொல்லாமல் காம்பஸ் பெட்டியைத் துணியில் சுற்றத் தொடங்கினான்.

"ஒடிச்சு அடுப்புல போட்டுர்றேன்."

"ஐயையோ, ஒடிச்சுராதீங்க! எங்க அத்தைய விளையாட்டுக்கு அளந்துட்டு, பயந்துபோயி மாமன் ஒடிக்கப் பாத்தாரு. கோலு லேசா வளஞ்சுச்சு, அம்புட்டுத்தான். அத்தைக்கு இடுப்பு…" கையால் மடிக்கிற மாதிரி காட்டினான். "நான் வாரேண்ணே" என்று மழையிலேயே இறங்கி ஓடினான். கோணிச் சாக்கு அங்கேயே கிடந்தது.

ஐந்து மணிக்குள் மேகம் வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. முத்திருளன் சிம்னி விளக்கை ஏற்றினான். கோலைத் தூக்கிக்கொண்டு வயலில் எறியலாமா என்று எடுத்தான். எங்கே எறிந்தாலும் அது சுருங்குவது நிற்காதே என்று தோன்றியதும் கீழே வைத்துவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலூருக்கு ஓடலாமென்றால், பாதை முழுக்க முழங்கால் தண்ணீர். மறுபடி அளந்தான். நாற்பத்து நாலரை. ஒன்றரை அங்குலம்தான் பாக்கி.

பயத்தில் அவனுக்கு அழுகை வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, இருக்கிற கோயில்களுக்கெல்லாம் நடந்து பெற்ற பிள்ளை. அவளைத் தானே நீட்டிப் படுக்க வைத்து, தானே கணக்கு எழுதி வைத்திருக்கிறான்.

அளந்த ஆளின் அளவுக்குத்தானே வரும்? அப்படியானால் வேறு ஆளை அளந்துவிட்டால்?

அந்த யோசனை வந்ததும் அவன் தயங்கவேயில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான். கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தான். தலையைச் சுவரில் முட்டுக் கொடுத்தான். கோலின் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டி, உடம்பின் பக்கத்தில் கிடத்தினான். கால்களை நீட்டினான். கைகளை விலாவோடு சேர்த்துக்கொண்டான்.

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது.

மண் வாடை மூக்கை அடைத்தது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையை ஒட்டி, சில்லென்று பித்தளை பட்டது. அது நகர்ந்தது. ஊர்ந்து முழங்காலுக்கு வந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. கெண்டைக்கால். கணுக்கால். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வா. என்னிடம் வா. அவளை விட்டுவிடு.

குதிகாலில் வந்து நின்றது.

எழுந்து உட்கார்ந்து, தந்த அடிக்கோலை எடுத்து அளந்தான். அறுபத்தைந்து. அவனுடைய உயரம். அவன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாளைக்கே தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ரெங்கம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததே கிடையாது.

உள்ளறையில் ஏதோ நெரிந்தது. ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு வரிசையாக.

"அப்பா."

"இந்தா வந்துட்டேன் தாயி."

விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றான்.

தலையணையில் சீனியின் முகம் இருந்தது. அதே சின்ன முகம். அதே சாந்துப்பொட்டு. பாவாடை தொடைக்கு ஏறியிருந்தது. அதற்குக் கீழே கால்கள் மெலிந்து, வெளுத்து, போய்க்கொண்டே இருந்தன. அவளுடைய சின்னப் பாயைத் தாண்டி, வெறுந்தரையில் போய் நின்றன. கொலுசு கணுக்காலில் நிற்காமல் பாதத்தில் கழன்று கிடந்தது.

அவன் கண் தானாகவே அளந்தது.

அறுபத்தைந்து.

"வலிக்குதுப்பா" என்றாள் சீனி. "என்னயத் தூக்குப்பா."

படுத்தபடியே இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள். கைகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.