ஒரு புள்ளி குறையுது!

"ஆ...ஆ...ஆ!"

லிஃப்டுக்குள் அலறல்!

ஏழாவது மாடிக்கு ஒழுங்காக வந்து நின்ற லிஃப்ட், கதவை மட்டும் திறக்க மறுத்தது. உள்ளே அலறியவர் இடுப்பில் துப்பாக்கி செருகிய இன்ஸ்பெக்டர். ரவுடிகளுக்கு அஞ்சாத சிங்கம்தான். மூடிய கதவென்றால் மட்டும் கைகால் உதறும்!

அதே மாடியில், லிஃப்டுகளுக்கு புரோகிராம் எழுதும் ஆபீஸில் போன் அடித்தது.

"கதவு திறக்கலம்மா! மூச்சு முட்டுது!"

எடுத்தவளின் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எழுதி முடித்த புரோகிராம்களைச் சேர்த்துக் கட்டி அனுப்புவது அவள் வேலை. அதனால் ஆபீஸுக்கே அவள் 'பொட்டலம்'.

ஸ்பீக்கரைப் போட்டாள். மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"பயப்படாதீங்க சார்! நம்ம புரோகிராமைப் போட்டிக் கம்பெனிக்கு வித்தது யாருன்னு கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்? கண்டுபிடிச்சாச்சு! இதோ... என் பக்கத்துல நிக்கிறா!"

"நானா?!"

பொட்டலத்துக்கு வேலை போகும். அதோடு விட்டாலும் பரவாயில்லை... கம்பி எண்ண வேண்டும்!

"முதல்ல கதவைத் திறங்கய்யா!" ஸ்பீக்கர் கதறியது.

"சார், இன்னைக்கு லிஃப்டுக்குப் போன ஜாரை நான் கட்டல!"

"ஜாரா? மிக்ஸி ஜாரா?"

"ஐயோ, இல்ல சார்! நூறு ஃபைலை ஒரே மூட்டையா கட்டினா, அதுக்குப் பேரு ஜார்."

"நான்தான் கட்டினேன்!" மேனேஜர் மார்தட்டினார். "ஒன்பது மணிக்கே இவ சீட்ல உக்காந்தேன். பத்து வரைக்கும் ஒரு ஈ காக்கா கிட்ட வரல. மகாராணி ஆடி அசைஞ்சு பத்தரைக்குத்தான் வந்தாங்க!"

பொட்டலம் கறுப்புத் திரையைப் பார்த்தாள். மேனேஜர் தட்டிய கட்டளை, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியோடு அப்படியே இருந்தது.

"அடக் கடவுளே! ஸ்டார் போட்டிருக்கீங்க!"

"போட்டா?"

"ஸ்டார் போட்டா வெளிப்படையா இருக்கிறது மட்டும்தான் வரும். மறைச்சு வச்ச ஃபோல்டர்ல இருக்கிறது வராது. கதவைத் திறக்கிற ஃபைல் அங்கதானே இருக்கு! கடைசில ஸ்டாருக்குப் பதிலா ஒரே ஒரு புள்ளி வச்சா, மொத்தத்தையும் வழிச்சு எடுத்துக்கும்!"

தட்டினாள்.

புள்ளி வைத்தாள்.

எண்டர்!

புது ஜார் லிஃப்டுக்குப் பறந்தது.

டிங்...!

கதவு திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்த இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, தரை தரைதானா என்று மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

பொட்டலம் அதற்குள் ஜாருக்குள் என்னென்ன போயிருக்கிறது என்று பட்டியல் கேட்டிருந்தாள். வரிசை வரிசையாக ஃபைல்கள் ஓடின. நடுவில்... 'கடிதம்'!

"பாருங்க சார்!" மேனேஜர் துள்ளினார். "திருட்டுக் கடிதம்! இவ ஃபோல்டர்லயே!"

இன்ஸ்பெக்டர் திறந்து படித்தார்.

"புரோகிராமை அனுப்பிட்டேன்... அடுத்ததும் வரும்... கீழே உன் பேர் இருக்கேம்மா?"

விலங்கை எடுத்தார்.

பொட்டலம் பட்டியலை இன்னொரு முறை பார்த்தாள்...

பார்த்தவள் சிரித்தே விட்டாள்!

"சார்! ஃபைல் பேருக்குப் பக்கத்துல, அதை எழுதின நேரம் இருக்கு. படிங்க!"

"இன்னைக்கு... ஒன்பது இருபது."

"அப்போ இந்த சீட்ல யாரு?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

தவளை தன் வாயால் கெட்டிருந்தது!

"புரோகிராமை வித்தது நீங்க! என் பேர்ல கடிதம் எழுதி என்னோட மறைவு ஃபோல்டர்ல போட்டதும் நீங்க! புள்ளி வச்சா நீங்க கட்டின ஜாருக்குள்ளயே அதுவும் போயிடுமேன்னுதானே ஸ்டார் போட்டீங்க? கடிதம் தப்பிச்சுது... கதவு மாட்டிக்கிச்சு!"

க்ளிக்!

விலங்கு மேனேஜரின் கையில்.

"சார்... சார்! இந்தக் கேஸ்ல முக்கியப் புள்ளி நான் இல்ல சார்!"

"தெரியும்யா." இன்ஸ்பெக்டர் திரையில் அவள் தட்டிய கட்டளையின் கடைசி எழுத்தைக் காட்டினார். "முக்கியப் புள்ளி அதோ அங்க இருக்கு... நீ வெறும் ஸ்டாரு!"