புல்லட்டுக்கு எடுத்து வந்த ஈரல்

மாலை நாலரை மணிக்கு மஞ்சு தட்டை வைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தபோது புல்லட் அந்தத் தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

அது அப்படி உட்காருகிற நாயே அல்ல. பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எங்கே இருந்தாலும் பாய்ந்து வந்து அடுப்படி வாசலில் எச்சில் ஒழுக நிற்கும். தட்டு தரையில் படுவதற்குள் பாதிக் கறி உள்ளே போயிருக்கும். நாலு வருடமாகத் தின்கிற விஷயத்தில் ஒரு நாள்கூட அதற்கு ரோஷம் வந்ததில்லை. இன்றைக்குத் தட்டில் கோழிக் கழுத்தும் ஒரு கைப்பிடி ஆட்டு ஈரலும் இருக்க, அது நிமிர்ந்து உட்கார்ந்து கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இரண்டரை வயது சத்யா பிளாஸ்டிக் டம்ளர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, ஒடம்புக்கு முடியலையா?" மஞ்சு அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. மூக்கு ஈரமாகவே இருந்தது. ஈறும் நல்ல சிவப்பு. ஆனால் தொட்ட இடத்தில் தோலுக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சைக் கறி போடும் யோசனை அவள் கணவன் தமிழ்மாறனுடையது. சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சொல்லக் கேட்டு ஆரம்பித்தான். ஆரம்பிப்பதோடு அவன் வேலை முடிந்துவிடும், மீதி எல்லாம் மஞ்சுவின் தலையில்தான். பெரம்பலூர் மாட்டு டாக்டரிடம் அவளே போய் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் பச்சைக் கறியை எப்படிப் புழங்குவது என்று நோட்டில் எழுதி வந்தாள். மூன்று நாள் பிரீசரில் கல்லாக உறைய வேண்டும். அதற்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். கறி தொட்ட கையால், சோப்புப் போட்டுக் கழுவாமல், பிள்ளையைத் தொடக் கூடாது. சமையலில் உப்பை மறந்தாலும் மறப்பாளே தவிர இவற்றில் ஒன்றை அவள் விட்டதில்லை. எல்லாம் சத்யாவுக்காக. கலியாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை.

இருபது நிமிடம் ஆனது. கையுறை மாட்டிக்கொண்டு தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். வெளியே காலையிலிருந்து ஐப்பசித் தூறல். வீடு முழுக்க ஈ. அடுப்புத் திண்டில், கதவில், சத்யாவின் பால் டம்ளரில் எல்லாம் மொய்த்தது. பச்சை ஈரல் இருந்த தட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை. தட்டைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தரையிலும் இல்லை.

கையுறையோடு ஈரலைத் தொட்டாள். கோழிக் கழுத்து சில்லென்று இருந்தது. ஈரல் வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஈரலை அவள் வாங்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. வேலைக்குக் கிளம்பும்போது தமிழ்மாறன் பிரீசரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு, "சாயங்காலம் இதைப் போட்டுடு" என்று சொல்லிப் போயிருந்தான். அவளும் வெட்டி வைத்துவிட்டாள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவனுக்கு ஆட்டு ஈரல் எங்கிருந்து கிடைத்தது?

போன் போட்டாள். பின்னால் இன்ஜின் உறுமியது.

"அந்த ஈரல் எங்க வாங்குனீங்க?"

"எது? ஓ, அதுவா. ஞாயித்துக்கெழம முனி பூசை வெச்சோம்ல, அங்கதான்."

மஞ்சு தட்டிலிருந்து ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

"முழு ஈரலையும் குழி தோண்டிப் பொதைக்கிறாங்க மஞ்சு. பெரியப்பா அந்தப் பக்கம் திரும்புன நேரம் பார்த்துக் கவர்ல போட்டுட்டு வந்துட்டேன். நீ சொன்ன மாரியே மூணு நாள் ஐஸ்ல வெச்சாச்சு."

"ஏங்க, அங்க சாப்புட்ட எலயக்கூட வெளிய கொண்டாரக் கூடாதும்பாங்களே."

"மனுசன் திங்கத்தான் கூடாது. நாம என்ன தின்னமா? நாய்க்குத்தான போடுறோம்." சிரித்தான். "லோடு ஏத்துறாங்க, வெச்சுடுறேன்."

காட்டு முனிக்கு வருடத்துக்கு ஒரு முறை ஆண்கள் மட்டும் போய்ப் பூசை வைப்பார்கள். அங்கேயே வெட்டி, அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று, மிச்சத்தை அங்கேயே புதைத்துவிட்டு வர வேண்டும். எல்லையைத் தாண்டி ஒரு பருக்கைகூட வரக் கூடாது. எல்லாம் தெரிந்தும், நாய் இந்தக் கணக்கில் சேராது என்று இவனாகவே முடிவு கட்டியிருக்கிறான். மஞ்சுவுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்ச நேரம் பயத்தை அமுக்கி வைத்திருந்தது.

பிரிட்ஜைத் திறந்து மீதி ஈரல் இருந்த டப்பாவை எடுத்தாள். டப்பாவின் மூடி உள்பக்கம் ஆவி பிடித்து வியர்த்திருந்தது. பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த தயிர்ப் பாக்கெட் உப்பிப் புளித்துப் போயிருந்தது. காலையில்தான் வாங்கியது.

வீட்டுக்குள் இதை இனி ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது. முனி இருக்கும் இடம் இரண்டு கிலோமீட்டர், பெண்கள் போகிற இடமும் இல்லை. அவன் வர எட்டு மணி ஆகும். பின்பக்கம் எருக்குழி இருக்கிறது, இப்போதைக்கு அதில் புதைத்துவிடலாம் என்று தோன்றியது. தட்டில் இருந்ததையும் டப்பாவில் இருந்ததையும் ஒரு கேரி பேக்கில் கொட்டி முடிச்சுப் போட்டாள். கையுறையைக் கழற்றித் தட்டோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். பையின் காதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பிள்ளையை உள்ளே விட்டு வாசல் கம்பிக் கதவை வெளியே தாழ் போட்டாள். புல்லட் அவளோடு வரவில்லை. எழுந்து போய் சத்யாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் பின்னால் இருந்து மக்காச்சோளக் காடு ஆரம்பிக்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் பிடித்த பயிர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. மழைத் தண்ணீர் தாளிலிருந்து தாளுக்குச் சொட்டுகிற சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஈர மண் வாசம், எரு வாசம், எங்கோ அழுகிய வெங்காய வாசம். மேற்கே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சட்டென்று நின்றது. அந்த இரைச்சல் இல்லாமல் போனதும் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டியிருப்பாள். குழியின் ஓரத்தில் வைத்திருந்த பையின் அடி பிய்ந்தது. ஈரல் சரிந்து, ஈர மண்ணில் வழுக்கி, சோளப் பயிரை நோக்கி உருண்டது.

யோசிக்காமல் வெறுங்கையால் எட்டிப் பிடித்துவிட்டாள்.

சூடாக இருந்தது. இப்போதுதான் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்தது மாதிரி அத்தனை சூடு. விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. மத்தியானம் வெங்காயம் அரிந்தபோது கட்டைவிரலில் பட்ட வெட்டு எரிந்தது. பிடித்த பிடிக்குள் அந்த ஈரல் ஒரு தரம் இறுகி, பிறகு தளர்ந்தது.

குழியில் எறிந்தாள். மண்ணைத் தள்ளினாள். காலால் மிதித்தாள்.

நாலு எட்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

காற்று இல்லை. காடு முழுக்க அசையாமல் நின்றது. நடுவில் ஒரே ஒரு வரிசைப் பயிர் மட்டும் அசைந்தது. யாரோ உள்ளே நடந்து வருவதுபோலத் தூரத்திலிருந்து வரிசையாக விலகி விலகி வந்தது. காட்டின் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. யாரும் வெளியே வரவில்லை.

ஓடினாள். வாசல் குழாயடியில் உட்கார்ந்து சோப்பைத் தேய்த்தாள். நகக் கண்ணெல்லாம் தேய்த்தாள். கழுவி மறுபடி தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். வாடை போகவில்லை. பச்சை ரத்தம் என்றாலே அவளுக்குக் குமட்டும், கறிக்கடை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவள் அவள். இப்போது குமட்டவில்லை. அந்த வாசம் நன்றாக இருந்தது. இன்னொரு தரம் முகர்ந்தாள்.

பசித்தது. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, பூசை நடத்துகிற அங்கமுத்துவுக்குப் போட்டாள். தமிழ்மாறனின் பெரியப்பா அவர்.

"மாமா, நான் மஞ்சு பேசுறேன். ஒரு தப்பு நடந்துபோச்சு." விவரம் சொன்னாள். ஈரலைப் பற்றிச் சொன்னாள், புதைத்ததைச் சொன்னாள்.

"நாய் தின்னுச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல மாமா. வாயே வைக்கல."

"பொதைக்கிறப்ப நீ கையால தொட்டியா?"

"பை கிழிஞ்சுபோச்சு மாமா. கீழ வுழுந்துருச்சு."

"தொட்டியாம்மா?"

"ஆமா."

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. யாரிடமோ வண்டிச் சாவி கேட்டார். பிறகு மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

"புள்ள எங்க?"

"உள்ள இருக்கா."

"நீ எங்கம்மா இருக்கே?"

"வெளிய. வாசல்ல."

"வெளியவே இரு. நாங்க வந்துடுறோம். என்ன ஆனாலும் கதவத் தொறக்காத. என்ன, கேக்குதா? நீ தொறக்காத."

"உள்ள எதுவும் இல்ல மாமா. நான்தான் பின்னாடி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் புல்லட் நின்றது. காது இரண்டும் பின்னால் மடிந்து, முதுகு மயிர் சிலிர்த்து, பல்லெல்லாம் தெரிய. பாட்டில் பால் கொடுத்து அவள் வளர்த்த நாய். அவளைப் பார்த்து அது பல்லைக் காட்டியதே இல்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் விடாமல் வந்தது. மஞ்சு தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். வாசல், குழாய், மழை. யாரும் இல்லை. மறுபடி நாயைப் பார்த்தாள். அதன் கண் அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. "புல்லட்டு, நான்டா. அம்மாடா."

நாய் ஒரு அடி முன்னால் வந்தது.

"ம்மா," என்று சத்யா அழும் குரல் இருட்டுக்குள்ளிருந்து வந்தது. கரண்ட் இல்லாத கூடத்தில் பயந்துபோய் எழுந்து வந்துவிட்டாள். புல்லட் குறுக்கே நின்று உடம்பால் அவளைத் தள்ளியது. பிள்ளை விழுந்து எழுந்தது. நாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து கதவுக்கு வந்துவிட்டது. நாய் அதன் கவுனைக் கவ்விப் பின்னால் இழுத்தது. துணி கிழிந்தது.

"புல்லட்டு, இழு," என்றாள் மஞ்சு. சொன்னது அவள்தான். "உள்ள இழுத்துட்டுப் போ. விடாத."

கை தாழ்ப்பாளில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

போனில் அங்கமுத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போன் தரையில் கிடந்தது.

சத்யா கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். அம்மா தூக்கிக்கொள்வாள் என்று. கொழுகொழுவென்ற சின்னக் கை. மணிக்கட்டில் ஒரு மடிப்பு. பால் வாசம், பவுடர் வாசம். அதற்கு அடியில், தோலுக்கு அடியில், வெதுவெதுப்பாக இன்னொரு வாசம்.

மஞ்சுவின் வாயில் எச்சில் ஊறியது.

தாடையில் வழிந்தது. கண்ணீரும் வழிந்தது. பிள்ளையின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள்.