ஆலை இஞ்சின் பூட்டிய படகு

செமிலிங் படகுத்துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. பீடோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில், மடியில் சோற்றுப் பானை, கக்கத்தில் குடை, முதுகில் துணிப்பை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புருஷன் செலஸ்டின் என்னைக் கூட்டிப்போன முதல் ஊர்ப்பயணம் அது. அதுவும் பஸ்ஸில் இல்லை, ரயிலில் இல்லை, அவரே தட்டிக் கூட்டிய படகில்.

"இதுக்குப் பேரு படகா? ரெண்டு கோழிக்கூண்டத் தூக்கி மெதக்க விட்ட மாதிரி இருக்குலா!" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

"ஏறு கேதரின். லங்காவியப் பாத்துட்டு வந்து பேசு."

வழியனுப்ப வந்திருந்த என் அண்ணன் மரியராஜ் சிரித்தார். செலஸ்டின் பீடோங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரப்பர் ஆலை இஞ்சின்களை ஓட்டிப் பழுது பார்க்கும் பிட்டர். மேனேஜரின் வேகப் படகு கடலில் சீறிப் போவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இந்தப் பித்து. "அந்த போட்டு லங்காவி போறதுக்குள்ள ஒரு டிரம் எண்ணெயக் குடிச்சிரும். வேகத்துக்குத்தான் காசு. மெதுவாப் போனா கடல் எல்லாருக்குந்தான்" என்பார். லங்காவி, பிறகு தாய்லாந்துக் கரை, அப்படியே புக்கெட் வரை என்று ராத்திரியெல்லாம் படுக்கையில் கதை சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

தஞ்சோங் டாவாயில் ஒரு மீனவர் கழித்துப்போட்ட பழைய மரப்படகு கிடைத்தது. அதே சமயம் ஆலையில் கரண்டு மோட்டார் வந்து, ரப்பர் உருளைகளை ஓட்டிய பழைய டீசல் இஞ்சினைக் கழற்றி, ரப்பர் காயவைக்கும் புகைவீட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டார்கள். இரும்பு விலைக்கு அதை வாங்கிப் படகில் பூட்டினார். ஒரே சிலிண்டர். பக்கத்தில் ஆள் இடுப்பளவுக்கு ஒரு இரும்புச் சக்கரம். சொட்டு எண்ணெயில் நாளெல்லாம் ஓடும்.

நான் உட்கார்ந்ததும் அவர், கையால் சுற்றி இஞ்சினைக் கிளப்பும் சுற்றுக்கம்பியை மாட்டினார். சுற்றவில்லை. திரும்பி நின்று கத்தினார்.

"கை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க இது?"

"எடுத்தாச்சுன்னு சொல்லு."

ஆலைப் பழக்கம் அது. பிட்டர் 'கை!' என்று கத்த வேண்டும். உருளையில் ரப்பர் தள்ளுகிறவர்கள் 'எடுத்தாச்சு!' என்று பதில் கத்த வேண்டும். அப்புறம்தான் இஞ்சினைச் சுற்றலாம். அப்பளசாமி என்கிற தொழிலாளி இதே இஞ்சினில் கை மாட்டிச் செத்த பிறகு வந்த வழக்கமாம். செலஸ்டின் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. பதில் வராமல் அவர் ஒருநாளும் இஞ்சினைச் சுற்றியதில்லை.

"இங்க யாரு கைய வைக்கப் போறா? மீனா?"

"சொல்லு கேதரின். சொல்லாட்டி எனக்குச் சுத்த வராது."

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு! சுத்துங்க சாமி!"

இஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அலையாத்திக் காட்டைத் தாண்டி, மெர்போக் ஆற்று வாயைத் தாண்டிக் கடலுக்கு வந்தோம். வலது பக்கம் ஜெராய் மலை கூடவே வந்தது. நடந்து போகிறவனும் எங்களை முந்திவிடுவான், அவ்வளவு மெதுவு. ஆனால் அந்தக் காற்றும் வெயிலும், சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர் பாடிய பாட்டும்! இவ்வளவு சந்தோஷமான மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மதியச் சோற்றைப் பிரித்தபோது இஞ்சின் நின்றது.

எண்ணெய் இருந்தது. குழாயும் அடைக்கவில்லை. சொங்சொங் தீவு தூரத்தில் தெரிந்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. அந்த அமைதியில் ஒரு நாற்றம் மெல்ல எழும்பியது. உப்பு நாற்றம் இல்லை, டீசலும் இல்லை. புளித்த ரப்பர் பால். ஆலைக்குள் அடிக்குமே, அதே நாற்றம்.

"உங்களுக்கு அடிக்குதா?"

அவர் இஞ்சின் பக்கம் திரும்பினார். கம்பியை மாட்டினார். வழக்கம்போல் கத்தினார்.

"கை!"

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

"இன்னும் எடுக்கல."

ஆண் குரல். இஞ்சினுக்குப் பின்னாலிருந்து வந்தது. கெஞ்சுகிற குரல்.

கையிலிருந்த சோற்றுருண்டை படகுக்குள் விழுந்தது. அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். சுற்றிலும் தண்ணீர்.

செலஸ்டின் கம்பியை இஞ்சினிலிருந்து உருவினார். அதை என்னிடம் கொடுத்தார்.

"என்னங்க, சுத்துங்க," என்று கிசுகிசுத்தேன். "மாதாவே... சுத்துங்க, கரைக்குப் போயிரலாம்."

"எப்படிச் சுத்துறது? எடுக்கலன்னு சொல்றாங்களே."

"யாரு சொல்றா? அங்க யாருமில்ல!"

"நீயும் கேட்டல்ல?"

கேட்டேன். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

படகு சும்மா இருக்கவில்லை. நீரோட்டம் எங்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. ஜெராய் மலை சின்னதாகிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் போனால் கரையே தெரியாது. அவர் மறுபடி கத்தினார். மறுபடியும் அதே பதில், இந்தத் தடவை அழுகையோடு.

"இன்னும் எடுக்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வந்த கோபம். "செத்தவனுக்காக நாம ரெண்டு பேரும் சாகணுமா? நீங்க சுத்துறீங்களா, இல்ல நான் சுத்தட்டுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஐயோ, இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

"அந்தாளு கை மாட்டிருக்கு கேதரின். எடுத்து விட்டுட்டா நம்மள விட்டுருவாரு."

"வேணாங்க. நான் கும்பிடுறேன், வேணாங்க."

கேட்கவில்லை. இஞ்சின் பெட்டியைத் திறந்து குப்புறப் படுத்தார். ஆலையில் பயந்துபோன புதுப்பையன்களிடம் பேசுவாரே, அதே குரலில் பேசினார்.

"அண்ணே, பயப்படாதீங்க. நான் பிட்டர். என் கையப் பிடிச்சுக்கங்க. மெதுவா எடுத்துரலாம்."

இடது கையைச் சக்கரத்துக்குப் பின்னால் தோள்வரை விட்டார். துழாவினார்.

முகம் மலர்ந்தது.

"பிடிச்சிட்டாரு," என்றார்.

இஞ்சின் ஓடியது.

சுற்றுக்கம்பி என் மடியில் இருந்தது. யாரும் சுற்றவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

அவர் கத்திய சத்தத்தை நான் எழுதமாட்டேன். எண்ணெய்க் குழாயைப் பிடுங்கி எறிந்தும் இஞ்சின் நிற்கவில்லை. அது நிற்கும்போது அவர் என் மடியில் கிடந்தார். என் புடவையைக் கிழித்து எத்தனை சுற்றுக் கட்டினாலும் ரத்தம் நிற்கவில்லை. "வலிக்கலடி," என்றார். பிறகு "குளிருது" என்றார். அந்த வெயிலில்.

யான் என்கிற ஊர்ப் பக்கத்து மலாய் மீனவர்கள் எங்களைப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரை சேருவதற்குள் அவர் போய்விட்டார். வயதான மீனவர் ஒருவர் இஞ்சினுக்குப் பின்னால் கைவிட்டு எதையோ எடுத்துத் தன் சாரோங் துணியில் சுற்றினார். "தாங்கான் டியா, காக்," என்று என்னிடம் மெல்லச் சொல்லி, சேதி கேட்டுக் கரைக்கு ஓடி வந்திருந்த என் அண்ணனிடம் கொடுத்தார். 'அவருடைய கை, அக்கா' என்று அர்த்தம்.

மறுநாள் பீடோங் வீட்டில் சவப்பெட்டியை மூடும் நேரம். வலது கையில் செபமாலை சுற்றி நெஞ்சில் வைத்திருந்தார்கள். இடது பக்கச் சட்டைக்கை தட்டையாகக் கிடந்தது. மரியராஜ் அண்ணன் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"நீயே வச்சுரும்மா. மனுஷன் முழுசாப் போகட்டும்."

கடைசியாக ஒரு தடவை அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் துணியைப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது வலது கை.

வற்றிக் கறுத்த கை. நகங்களில் ரப்பர் பால் காய்ந்து அப்பியிருந்தது.

"அண்ணே," என்றேன். "இது அவர் கை இல்லண்ணே."

அண்ணன் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "மூடு. சாமியார் வந்துட்டாரு."

"அப்ப அவர் கை எங்கண்ணே?"

அவர் துணியை மூடி, பொட்டலத்தைப் பெட்டியில் கால்மாட்டில் வைத்தார். சாமியார் செபம் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

கண்ணைத் திறந்தபோது கால்மாட்டில் துணி மட்டும் கிடந்தது.

அந்தக் கை நெஞ்சின்மேல், செபமாலைக்கு அடியில், அவருடைய வலது கையோடு சேர்ந்து இருந்தது.

"விட்டுருங்கண்ணே," என்று அழுதேன், பெயர் தெரிந்த அந்தச் செத்தவரிடம். "அவர விட்டுருங்க. உங்களுக்கு நல்லதுதானே பண்ணினாரு."

மரியராஜ் அண்ணன் பிரித்தெடுக்கப் பார்த்தார். முடியவில்லை. குனிந்து பார்த்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நானும் பார்த்தேன்.

அப்பளசாமியின் விரல்கள் விரிந்துதான் கிடந்தன.

இறுக்கிப் பிடித்திருந்தது என் புருஷன்.